கீறலின்றிப் பாசி நீக்கல்: அக்கிரிலிக்கு மீன் தொட்டிகளைப் பேணும் முறை

அழகு மீன் வளர்த்தல் கண்ணுக்கும் மனத்துக்கும் இனிமை தரும் ஒரு முயற்சியாகும். சில இல்லங்களுக்கு அது சிறு வருவாயையும் ஈட்டித் தருகின்றது. கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் சீமெந்துத் தொட்டியும் கண்ணாடித் தொட்டியும் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. இப்பொழுது அக்கிரிலிக்கு எனப்படும் தெளிந்த பிளாத்திக்கினாற் செய்த தொட்டிகளும் இல்லங்களுட் புகுந்துள்ளன.

கண்டி வாவிக்கு அண்மையில் மேட்டு நிலத்தில் அமைந்துள்ள அம்பிட்டிய போன்ற ஊர்களிலே, வீதியிலிருந்து பல படிகள் ஏறியோ இறங்கியோ அடைய வேண்டிய வீடுகள் பல. அத்தகைய வீட்டுக்குப் பாரமான கண்ணாடித் தொட்டியைச் சுமந்து செல்லுதல் எளிதன்று. அக்கிரிலிக்குத் தொட்டியோ பாரங் குறைந்தது. வழியில் ஓரிடத்தில் இடிபடினும் எளிதில் உடையாதது. ஆகவே அதனை விரும்பி வாங்குவோர் உளர்.

ஆயின், வாங்கிய சில வாரங்களுக்குள்ளேயே தொட்டியின் உட்சுவரிற் பழுப்பு நிறமாகவோ பச்சை நிறமாகவோ பாசி படியத் தொடங்கும். பார்வைக்குச் சிறிதாயிருக்கும்போது அதனைப் பொருட்படுத்தாது விட்டு, சுவர் முழுவதும் மறைந்த பின்னர், பாத்திரந் துலக்கும் தும்பையோ கம்பிச் சுருளையோ எடுத்து உரஞ்சுவது பலருடைய வழக்கம். பாசி போய்விடும், ஆனால் அது போன இடத்தில் ஆயிரம் கோடுகள் தோன்றி நிற்கும். எத்தனை முறை கழுவினும் அக்கோடுகள் நீங்கா. மீனைக் காண்பதற்கென வாங்கிய தொட்டியில் மீன் மங்கலாகவே தெரியும். தொட்டிக்குச் செலவிட்ட பணமும் வீணாகும்.

இதனைத் தவிர்த்தல் கடினமன்று. அக்கிரிலிக்குத் தொட்டியைக் கெடுப்பது பாசியன்று. பாசி நீக்கும் துணியில் ஒட்டிக்கொண்டு செல்லும் மணலும், காலந் தாழ்த்தியமையாற் காட்ட வேண்டிவரும் பலமுமே அதனைக் கெடுக்கின்றன. இவ்விரண்டையும் விலக்கினால் தொட்டி பல்லாண்டு தெளிவாக இருக்கும். அதற்கான முறைகள் கீழே விளக்கப்படுகின்றன.

அக்கிரிலிக்கின் இயல்பு

அக்கிரிலிக்கு என்பது கண்ணாடியன்று. கண்ணாடிபோலத் தோன்றும் ஒருவகைப் பிளாத்திக்காகும். 1930ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் இது வர்த்தகப் பொருளாக வெளிவந்தது. பேர்ஸ்பெக்ஸ், பிளெக்ஸிகிளாஸ் என்னும் வர்த்தகப் பெயர்களால் வழங்குவதும் இதுவே. இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களின் யன்னல்களும் கூண்டுகளும் இதனாற் செய்யப்பட்டன.

இது தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 92 பங்கு வரை ஊடுசெல்ல விடும். ஒரே அளவான கண்ணாடியின் நிறையோடு ஒப்பிடின் இதன் நிறை பாதிக்கும் சற்றுக் குறைவாகும். வெப்பத்தைக் கடத்துவதிலும் இது கண்ணாடியிலும் மிகக் குறைந்தது. ஆகவே மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகளிலே தொட்டி நீர் விரைவிற் குளிர்ந்து விடுவதில்லை. கடல் நடுவே நிற்பதுபோன்ற தோற்றந் தரும் பெரிய காட்சித் தொட்டிகள் உலகெங்கும் இதனாலேயே கட்டப்படுகின்றன. அமெரிக்காவின் மொன்ரரே குடாவில் 1984ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காட்சிசாலையில், 28 அடி உயரமான தொட்டிக்கு அக்கிரிலிக்கு யன்னல்களே பொருத்தப்பட்டுள்ளன.

இத்தனை நன்மைகளுக்கும் எதிராக இதில் ஒரு பெருங் குறை உண்டு. அது மென்மை. பொருள்களின் கடினத்தை ஒப்பிடுவதற்கு மோசு அளவுகோல் என்னும் ஓர் அளவு வழங்குகின்றது. அதில் மிக மென்மையான பொருளுக்கு 1 என்றும், வைரத்துக்கு 10 என்றும் எண் தரப்பட்டுள்ளது. எண் கூடிய பொருள் எண் குறைந்த பொருளைக் கீறும். நமது விரல் நகத்தின் கடினம் ஏறத்தாழ 2½; அக்கிரிலிக்கின் கடினம் ஏறத்தாழ 3; கண்ணாடியினது 5½; மணலிலுள்ள படிகக் கல்லினது 7. எனவே கண்ணாடிக்குத் தீங்கு செய்யாத சவர அலகு அக்கிரிலிக்கை உழுதுவிடும். கண்ணாடித் தொட்டியிற் பழகிய கை, அதே பழக்கத்தை இங்கே கையாளுதல் தகாது.

பாசி ஏன் படிகின்றது?

ஒளி, நீர், ஊட்டம் ஆகிய மூன்றும் ஒருங்கே உள்ள இடத்திற் பாசி வளர்வது இயற்கை. மீன் தொட்டியில் இம்மூன்றும் குறைவின்றி உள்ளன. மீனின் கழிவிலிருந்தும், உண்ணாது எஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா உண்டாகின்றது. வடியிலும் மணலிலும் வாழும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இரையிலிருந்து பொசுபேற்றும் நீரிற் கலக்கின்றது. வயலுக்கு நாம் இடும் உரத்தில் அடங்கிய சத்துக்களும் இவையேயாம். உரமிட்ட வயலிற் களை வளர்வதுபோல, ஊட்டம் மிகுந்த தொட்டியிற் பாசி வளர்கின்றது.

இதற்கு அம்பிட்டிய மக்கள் நாள்தோறும் காணும் கண்டி வாவியே சான்றாகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் வயல் நிலத்தை மறித்துக் கட்டப்பட்ட இவ்வாவி, காலப்போக்கில் நகரின் கழிவுநீரையும் மழை அடித்துவரும் மண்ணையும் ஏற்க வேண்டியதாயிற்று. 1999ஆம் ஆண்டு மே மாதத்தில் மைக்குரோசித்திசு என்னும் நீலப்பச்சைப் பாசி வாவியிற் பெருகி நீரின் மேற்பரப்பைப் பச்சை நிறமாக்கியது. இவ்வினத்தைச் சேர்ந்த பாசிகளுள் நச்சுப்பொருளை வெளியிடுவனவும் உள்ளன. வாவியில் நிகழ்ந்ததும் வரவேற்பறைத் தொட்டியில் நிகழ்வதும் அளவால் வேறேயன்றிக் காரணத்தால் வேறல்ல. ஊட்டத்தைக் குறைக்காது பாசியை மட்டும் சுரண்டுவோர், வேரை விட்டுத் தழையை வெட்டுவோரை ஒப்பர்.

பாசியின் வகைகள்

எல்லாப் பாசியும் ஒரே வகையின அல்ல. எது படிந்துள்ளதென அறிந்தாலே எவ்வளவு பலம் வேண்டுமென்பது தெரியும்.

பழுப்புப் பாசி: புதிதாக அமைத்த தொட்டியில் முதலிற் காணப்படுவது இது. தயற்றம் எனப்படும் நுண்ணுயிர்களாலானது. தூசிபோலப் படிந்து, விரல் பட்டாலே கலைந்துவிடும். எனினும் இதன் உடலைச் சூழ்ந்த ஓடு சிலிக்காவினாலானது. ஆகையால் அழுத்தித் தேய்த்தல் ஆகாது. நனைந்த துணியால் மெல்ல ஒற்றி எடுத்தல் வேண்டும். தொட்டி நிலைபெற்ற பின்னர் இது பெரும்பாலும் தானே குறைந்துவிடும்.

பச்சைத் தூசிப் பாசி: சுவர் முழுவதும் மெல்லிய பச்சைப் படலமாகப் படிவது. வாரந்தோறும் துடைப்பின் எளிதில் நீங்கும்.

பச்சைப் புள்ளிப் பாசி: சிறு வட்டப் புள்ளிகளாகத் தோன்றி, சுவரோடு இறுக ஒட்டிக்கொள்வது. அக்கிரிலிக்குத் தொட்டி உடையோர் அஞ்ச வேண்டியது இதற்கே. ஏனெனில் இதனை நீக்கும் முயற்சியிலேதான் பெரும்பாலான கீறல்கள் விழுகின்றன. புள்ளி இளமையாயிருக்கும்போதே துடைத்துவிடல் வேண்டும்.

நூற்பாசி: மயிர்போல நீண்டு வளர்வது. கையாற் பற்றியோ மென்மையான பற்றூரிகையிற் சுற்றியோ எடுக்கலாம்.

நீலப்பச்சைப் பாசி: வழுவழுப்பான போர்வைபோலப் பரந்து, தீய நாற்றம் வீசுவது. உண்மையில் இது பற்றீரியா இனத்தைச் சேர்ந்தது. சுவரிலிருந்து எளிதில் உரிந்து வரும். ஆயின் நீரிற் கலைந்து பரவாதவாறு குழாயினால் உறிஞ்சி அகற்றுதல் நன்று.

கீறல் எவ்வாறு உண்டாகின்றது?

துணி மென்மையானது, பாசியும் மென்மையானது. அவ்வாறாயின் கீறுவது எது? தொட்டியின் அடியிலுள்ள மணலே. மீன் நீந்தும்போதும், நீரிறைக்கும் பொறி ஓடும்போதும், நுண்மணல் எழுந்து பாசிப் படலத்தில் ஒட்டிக்கொள்கின்றது. துடைக்கும் துணி அதனைப் பற்றிச் சுவரின் மேலும் கீழும் இழுத்துச் செல்கின்றது. ஒரு மணல் ஒரு கோட்டை மட்டும் கீறி நிற்பதில்லை. கை எத்தனை முறை அசைகின்றதோ அத்தனை கோடுகளைக் கீறும்.

காந்தத் துடைப்பான்களாலும் இத்தீங்கு நேர்வதுண்டு. உள்ளொன்றும் வெளியொன்றுமாக இரு காந்தங்கள் சுவரைப் பற்றி நிற்க, வெளிக் காந்தத்தை அசைத்து உட்சுவரைத் துடைப்பது இக்கருவியின் அமைப்பு. காந்தத்துக்கும் சுவருக்குமிடையில் ஒரு மணல் அகப்படின், கை உணராதவாறே அது சுவரை உழுதுகொண்டு செல்லும். இக்கருவியைத் தொட்டியினுள் மணல்மேல் விட்டுவைத்தல் ஒருபோதும் ஆகாது.

கீறலினால் வருங் கேடு தோற்றத்தோடு முடிவதில்லை. வழுவழுப்பான சுவரிற் பாசிக்குப் பிடிமானம் குறைவு. கீறலின் பள்ளத்திலோ பாசி குடிகொண்டு, துணிக்கு எட்டாது ஒளிந்துகொள்ளும். அதனை நீக்க முன்னையிலும் கூடிய பலங் காட்ட வேண்டிவரும்; அப்பலத்தாற் புதிய கீறல்கள் விழும்; அவற்றிற் புதிய பாசி படியும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் இவ்வட்டத்தை முதற் கீறலுக்கு முன்னரே தடுத்தல் அறிவுடைமை.

கொள்ளத்தக்கனவும் தள்ளத்தக்கனவும்

பாசி நீக்குவதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. பழைய மெல்லிய பருத்தித் துணி இரண்டு அல்லது மூன்று, முரட்டுப் பக்கம் இல்லாத மென்மையான பஞ்சு ஒன்று, நீர் கொண்ட வாளி இரண்டு, வடிப்பதற்கு ஓர் இறப்பர்க் குழாய், அக்கிரிலிக்குக்கு ஏற்றதென விற்கப்படும் பிளாத்திக்குச் சுரண்டி ஒன்று ஆகியவை போதும். சுரண்டி இல்லாவிடின் காலங் கடந்த வங்கி அட்டை ஒன்றைப் பயன்படுத்தலாம். அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, பிசிறோ வெடிப்போ இல்லையென உறுதி செய்தல் வேண்டும். இப்பொருள்களை மீன் தொட்டிக்கென்றே ஒதுக்கி, சவர்க்காரம் படாது வைத்தல் இன்றியமையாதது. சவர்க்காரம் மீனுக்கு நஞ்சு.

புதிய துணியாயினும் பஞ்சாயினும், முதலில் தொட்டியின் பின்புறத்து மூலையிற் சிறிதளவு இடத்திற் தேய்த்துப் பார்த்து, கோடு விழவில்லையெனக் கண்ட பின்னரே முன்சுவரிற் பயன்படுத்துக.

பின்வருவன அக்கிரிலிக்குத் தொட்டியை அணுகவே கூடாதவை: சவர அலகு, கத்தி, உலோகச் சுரண்டி, கம்பிச் சுருள், பாத்திரந் துலக்கும் பச்சை நிறத் தகடு, தேங்காய்த் தும்பு, சாம்பல், செங்கற்பொடி, பாத்திரந் துலக்கும் தூள். பச்சை நிறத் தகடுகள் பலவற்றில் மணலிலும் கடினமான உராய்பொருள் கலந்துள்ளது. தேங்காய்த் தும்பு நமது சமையலறைக்கு உற்ற துணையேயாயினும், அதன் நார்களிடையே மண்ணும் மணலும் மறைந்திருக்கும்.

துப்புரவு செய்யும் முறை

1. கைகளை நன்கு கழுவி, சவர்க்காரம் சிறிதும் இல்லாதவாறு நீரால் அலசுக. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைக்குக. கையை அசைக்கும்போது இவை சுவரிற் பட்டு ஆழமான கீறல்களை உண்டாக்கும்.

2. மின்குமிழ், நீரிறைக்கும் பொறி, வெப்பமாக்கி ஆகிய யாவற்றினதும் மின்தொடர்பை முற்றாக நீக்கிய பின்னரே கையை நீருள் விடுக. இதனை எக்காரணங் கொண்டும் மறத்தலாகாது.

3. மீன்களை வெளியே எடுத்தல் வேண்டியதில்லை. எடுப்பதும் விடுவதும் மீனுக்கு அதிர்ச்சி தரும். மெதுவாக வேலை செய்தால் அவை தாமே ஒதுங்கிக்கொள்ளும்.

4. துணியை ஒரு வாளி நீரிற் பலமுறை அலசி, விரல்களால் தடவி, மணல் ஏதும் இல்லையென உறுதி செய்க. அதனை நான்காக மடித்துக் கொள்க. ஒரு பக்கம் அழுக்கடைந்ததும் மறுபக்கம் திருப்புவதற்கு இது உதவும்.

5. நீர்மட்டத்திலிருந்து தொடங்கி, நேர்கோடாக மேலிருந்து கீழே துடைக்குக. வட்டமாகத் தேய்த்தலாகாது. வட்டக் கீறல் எப்பக்கமிருந்து நோக்கினும் ஒளியிற் பளிச்சிடும்.

6. மணலுக்கு 2 அங்குலம், அஃதாவது ஏறத்தாழ 5 சதமமீற்றர், மேலே கையை நிறுத்துக. இந்த எல்லையைத் தாண்டாதிருத்தலே இம்முறையின் உயிர்நாடி.

7. இரண்டு மூன்று முறை துடைத்ததும் துணியை வெளியே எடுத்து வாளியில் அலசி, மறு பக்கத்தைத் திருப்புக. தொட்டி நீரிலேயே அலசுவது பாசியை மீண்டும் தொட்டிக்கு ஊட்டுவதாகும்.

8. மேற்பகுதி முடிந்த பின்னர் அடிப்பகுதியைக் கவனிக்குக. பிளாத்திக்குக் கரண்டியினால், சுவரைத் தொடாதவாறு, ஓரத்து மணலை 2 அங்குலம் உள்ளே ஒதுக்குக. கலங்கிய நுண்மணல் படியும்வரை கால் மணி நேரம் பொறுத்திருக்க. பின்னர் வேறொரு துப்புரவான துணியை எடுத்து, கீழிருந்து மேலாக மட்டும் துடைத்து, ஒவ்வொரு முறையும் துணியை அலசுக. முடிந்ததும் மணலை முன்போற் பரப்புக.

9. சுவர்கள் சேரும் மூலைகளில் விரல் நுனியிற் சுற்றிய துணியினால் மெல்லத் துடைக்குக. ஒட்டுகளை நகத்தாலோ அட்டையாலோ நெம்புதல் நீர்க்கசிவுக்கு இடந்தரும்.

10. கலைந்து மிதக்கும் பாசியை இறப்பர்க் குழாயினால் வடித்து அகற்றுக. குழாயை வாயால் உறிஞ்சாது, நீர் நிரப்பி ஒரு முனையை விரலால் அடைத்துத் தாழ்த்தி விடுக. நீரில் நாலில் ஒரு பங்கை மட்டும் மாற்றுதல் போதுமானது. 2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி ஆழமும் நீர் கொண்ட தொட்டி ஏறத்தாழ 56 லீற்றர் கொள்ளும். அதில் 14 லீற்றர் மாற்றினாற் போதும்.

குழாய் நீரிற் கலந்துள்ள குளோரின் மீனின் பூக்களைத் தாக்கும். ஆகவே புதிய நீரை முதல் நாளே அகன்ற வாளிகளிற் பிடித்து வைத்து, மறுநாள் உபயோகித்தல் நன்று. வாளியை நுளம்பு வலைத்துணியால் இறுக மூடி வைத்தல் வேண்டும். 2017ஆம் ஆண்டு இலங்கையில் 1,80,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர் என்பதை நினைவிற் கொள்ளல் தகும். நீரை ஓரிரு நாளுக்கு மேல் வாளியில் தேங்க விடுதல் கூடாது.

பாசி நீக்கும் நாளிலேயே வடியையும் கழுவுதல் தவறு. நீரைத் தூய்மையாக்கும் பற்றீரியாக்கள் வடியிலேயே வாழ்கின்றன. அவற்றையும் ஒரே நாளிற் கழுவி விட்டால் அமோனியா பெருகி மீன்கள் மடியும். வடியை வேறொரு நாளில், தொட்டியிலிருந்து எடுத்த நீரினாலேயே மெல்ல அலசுக.

இறுகிய புள்ளிகளும் சுண்ணப் படிவும்

பச்சைப் புள்ளிகள் துணிக்கு அசையாவிடின் பலத்தைக் கூட்டுதல் கூடாது. பிளாத்திக்குச் சுரண்டியை அல்லது அட்டையைச் சுவரோடு சாய்வாகப் பிடித்து, விளிம்பு முழுவதும் சமமாகப் படும்படி, சிறு சிறு தள்ளுகளாகத் தள்ளுக. முனையாற் குத்துதல் ஆகாது. ஒரே நாளில் யாவற்றையும் நீக்க முயலாது, வாரத்துக்குச் சிறிது சிறிதாக நீக்குதல் மேல்.

நீர்மட்டத்தில் வெண்கோடாகப் படிவது பாசியன்று. நீரிலுள்ள சுண்ணச் சத்து. கண்டிப் பிரதேசத்தின் சில பகுதிகளிற் சுண்ணக் கற்பாறைகள் உள்ளமையால், அவ்விடத்துக் கிணற்று நீர் வன்மையானது. அத்தகைய நீரை ஊற்றும் தொட்டிகளில் இப்படிவு விரைவில் தோன்றும். சுண்ணம் சுரண்டலுக்கு அஞ்சாது; புளிப்புக்கு அஞ்சும். நீர்மட்டத்தைச் சில அங்குலம் தாழ்த்தி, வினாகிரியுடன் சம அளவு நீர் கலந்து, அதிற் துணியை நனைத்துப் பிழிந்து, படிவின்மேல் கால் மணி நேரம் ஒட்டி வைக்குக. படிவு இளகியதும் துடைத்து எடுத்து, நன்னீரில் நனைத்த துணியாற் பலமுறை துடைக்குக. வினாகிரி தொட்டி நீரில் வடியாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். தொட்டியை வெறிதாக்கும் வேளையில் இதனைச் செய்வது மேலும் சிறந்தது.

வெளிப்புறச் சுவர்

உட்சுவரிலும் வெளிச்சுவருக்கே கூடிய கவனம் வேண்டும். உட்கீறலை நீர் ஓரளவு நிரப்பி மறைத்துவிடும். வெளிக்கீறலை மறைப்பார் இல்லை. உலர்ந்த துணியினால் தூசி துடைத்தல் கூடாது. தூசியிலும் மணலுண்டு, அன்றியும், உலர்ந்து தேய்த்த அக்கிரிலிக்கு மின்னேற்றம் பெற்று மேலும் தூசியைத் தன்பால் இழுக்கும். நன்கு நனைந்த துணியால் தூசியை ஒற்றி எடுத்த பின்னர், வேறொரு ஈரத் துணியால் துடைக்குக.

யன்னற் கண்ணாடி துடைக்கும் அமோனியா கலந்த திரவம், மதுசாரம், அசற்றோன், நிறப்பூச்சு இளக்கும் திரவம் ஆகியவை அக்கிரிலிக்கில் நுண்வெடிப்புக்களை உண்டாக்கும். அவ்வெடிப்புக்களை எம்முறையாலும் சீராக்க இயலாது. ஒட்டுகளும் வலிமை இழக்கும். நுளம்பு கொல்லும் தெளிதிரவங்களையும் தொட்டிக்கு அருகில் தெளித்தல் கூடாது. அவற்றுட் பலவற்றிலுள்ள நஞ்சு மீன்களை மிகச் சிறிய அளவிலேயே கொல்ல வல்லது.

விழுந்த கீறலைச் சீர்செய்தல்

கண்ணாடியிற் கீறல் விழுந்தால் அதனை வீட்டில் நீக்குதல் அரிது. அக்கிரிலிக்கின் மென்மையே இவ்விடத்து அதற்கு நன்மையாகின்றது. பொறுமையுடன் மெருகிட்டால் கீறல் மறையும்.

மயிரிழை போன்ற வெளிக்கீறலுக்கு, அக்கிரிலிக்குக்கென விற்கப்படும் மெருகுப் பசையை மெல்லிய துணியில் இட்டுத் தேய்த்தல் போதும். நகத்துக்குத் தட்டுப்படும் ஆழமான கீறலுக்கு நீரில் நனைத்துப் பயன்படுத்தும் அரத்தாள் வேண்டும். 800ஆம் இலக்கத்தில் தொடங்கி 1000, 1500, 2000 என முறையே மென்மையான தாளுக்குச் செல்லல் வேண்டும். ஒரு தாளைக் குறுக்காகத் தேய்த்தால் அடுத்ததை நெடுக்காகத் தேய்க்குக. முன்னைத் தாளின் கோடுகள் முற்றாக மறைந்த பின்னரே அடுத்த தாளை எடுக்குக. கடைசித் தாளுக்குப் பின்னர் சுவர் பனிமூட்டம்போல வெளுத்துத் தோன்றும், அஞ்ச வேண்டியதில்லை. மெருகுப் பசையினால் அது மீண்டும் தெளியும்.

ஒரே இடத்தை ஆழமாகத் தேய்ப்பின் அவ்விடம் குழிந்து, மீனின் உருவத்தைக் கோணலாகக் காட்டும். ஆகையாற் கீறலைச் சுற்றிலும் அகலமாகத் தேய்த்தல் நன்று. உட்சுவரில் மெருகுப் பசை இடுவதாயின், மீனையும் நீரையும் அகற்றிச் செய்து, முடிந்தபின் பலமுறை கழுவுதல் வேண்டும்.

பாசி வளர்ச்சியைக் குறைத்தல்

துடைக்க வேண்டிய தேவை குறையக் குறையக் கீறலும் குறையும். ஆகவே பாசியின் காரணங்களைக் களைதலே மேலான பராமரிப்பாகும்.

தொட்டியை நேர் வெயில் படும் யன்னலருகே வைத்தலாகாது. மலைச்சரிவின் கிழக்கு நோக்கிய வீடுகளிற் காலை வெயில் நெடுநேரம் உட்புகும். அங்கே உட்சுவரின் ஓரமே தொட்டிக்கு ஏற்ற இடம். மின்குமிழை நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் எரிய விடுதல் வேண்டியதில்லை.

இரை இடும்போது, மீன்கள் இரண்டு மூன்று நிமிடத்துள் உண்டு முடிக்கும் அளவே இடுக. வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் தனித்தனியே இரை இடுவது பாசி பெருகுவதற்கு ஒரு முக்கிய காரணம். இரை இடும் பொறுப்பை ஒருவரிடமே ஒப்படைத்தல் நன்று. வலிசுனேரியா, ஐதரில்லா போன்ற நீர்த்தாவரங்கள் பாசிக்குச் சேர வேண்டிய ஊட்டத்தைத் தாம் பெற்று வளர்ந்து, பாசியை ஒடுக்கும்.

தொட்டி துப்புரவாக்கி என்னும் பெயரால் விற்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளிற்று மீனை நம்பி வாங்குதல் விரும்பத்தக்கதன்று. வாங்கும்போது விரலளவாயிருக்கும் அது ஓர் அடிக்கு மேல் வளரும். அது உண்ணும் பாசியிலும் அது விடுங் கழிவு பெரிது. தொட்டிக்குள் அடங்காத இம்மீன்களைச் சிலர் ஆற்றிலும் குளத்திலும் விட்டுவிடுகின்றனர். அங்ஙனம் விடப்பட்டவை இலங்கையின் நீர்நிலைகளிற் பெருகி, மீனவரின் வலைகளைக் கெடுத்தும், நாட்டு மீன்களுக்கு இடையூறு செய்தும் வருகின்றன. வளர்க்க இயலாத எந்த மீனையும் நீர்நிலையில் விடுதல் கூடாது.

கழிவு நீரின் பயன்

தொட்டியிலிருந்து வடித்த நீரை வடிகாலில் ஊற்றுவது நல்ல உரத்தை எறிவதாகும். பாசிக்கு ஊட்டமாயிருந்த நைத்திரேற்றும் பொசுபேற்றும் செடிகளுக்கும் ஊட்டமாகும். கண்டிப் பகுதியின் வீட்டுத் தோட்டங்கள் பேர் பெற்றவை. மிளகுக் கொடியின் அடியிலோ, கறிமிளகாய்ப் பாத்தியிலோ, அந்தூரியச் சாடியிலோ இந்நீரை ஊற்றுக. உப்போ மருந்தோ கலந்த நீரை மட்டும் செடிகளுக்கு ஊற்றுதல் தகாது.

முடிவாகக் கூறத்தக்கது

வாரத்துக்கு ஒரு நாள், பத்து நிமிடம், மென்மையான ஈரத் துணி: அக்கிரிலிக்குத் தொட்டி வேண்டுவது இவ்வளவே. மாதக் கணக்கில் விட்டுவைத்து ஒரு நாள் முழுவதும் உரஞ்சுவது தொட்டியை அழிக்கும். முன் கூறிய மொன்ரரேயின் பெருந்தொட்டியிலுங்கூடச் சுவரைத் தெளிவாக வைப்பது, சுழியோடிகள் நீருள் இறங்கி அடிக்கடி கையால் துடைக்கும் வேலையேயாகும். பெரிய தொட்டிக்குப் பொருந்தும் இவ்விதி சிறிய தொட்டிக்கும் பொருந்தும்.

துணியை அலசுதல், மணலுக்கு 2 அங்குலம் மேலே நிற்றல், பலங் காட்டாதிருத்தல் ஆகிய மூன்றையும் வீட்டிலுள்ள சிறுவர்க்கும் கற்பித்தல் நன்று. அவர்கள் விருப்போடு செய்யும் வேலை இது. மென்மையாகக் கையாளும் பழக்கம் வந்துவிடின், இன்று வாங்கிய தொட்டி பல்லாண்டு கழிந்தும் இன்றுபோலவே தெளிந்து விளங்கும்.